நாற்காலியை விட்டு இறங்கிய தலைவரம்மா

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் முழுக்கப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பனியில் முழங்கால் புதைந்தாலும் வரும். ரோடு போடுவதிலிருந்து தீயணைப்பு வண்டி வாங்குவதுவரை அன்றைக்கு நாங்களே சண்டை போட்டு, நாங்களே ஓட்டுப் போட்டு முடித்துவிடுவோம். கூட்டத் தலைவி நான், டெல்ஃபின் தீபோ. யார் பேசினாலும் என்னைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாயைத் திறக்கக் கூடாது. தலைவியோ எந்தப் பக்கமும் சாயவே கூடாது. என் வாயைப் பற்றித் தெரிந்தும் ஊர் ஏன் என்னை அங்கே உட்கார வைத்தது என்று கேட்காதீர்கள். வேறு எப்படியும் அதை அடைக்க முடியாது என்று கண்டுகொண்டார்களோ என்னவோ!

இந்த வருஷம் எல்லாரையும் கிளப்பிவிட்டது பதினோராவது தீர்மானம். ஊரில் இருப்பது ஒரே ஒரு மருத்துவ நிலையம். அதை நடத்தும் ஆஸ்பத்திரிக் கம்பெனி, லாபம் வரவில்லை என்று கோடையில் இழுத்து மூடப்போகிறது. வரியைக் கொஞ்சம் ஏற்றி ஊரே அதை எடுத்து நடத்துவதா, வேண்டாமா?

முதலில் எழுந்தது மெர்ல் குவிம்பி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன்.

"தலைவரம்மா, நோயாளிய வச்சு வியாபாரம் பண்றதே தப்பு. லாபம் வந்தா கம்பெனிக்கு, போனா நமக்கா? இழுத்துப் பூட்டக் கூடாதுன்னு கவர்மென்ட் ஒரு அதட்டு அதட்டியிருந்தா இவனுங்க வாலை ஆட்டுவானுங்களா?"

அடுத்து எழுந்தது என் புருஷன் எவரெட். மாட்டுத் தீவனக் கடைக்காரர். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வீட்டில் என்னை 'டெல்' என்று கூப்பிடுகிறவர், இங்கே கை கட்டிக்கொண்டு நின்றார்.

"தலைவரம்மா, அந்தக் கம்பெனி பூதமா வளந்ததே கவர்மென்டாலதான். எதுத்தாப்பல இன்னொருத்தன் கடை போடணும்னா ஆயிரத்தெட்டு அனுமதி. அதையெல்லாம் தூக்கிக் கடாசுங்க, அஞ்சு பேர் போட்டி போட்டுக்கிட்டு வருவான்."

"தலைவரம்மா, இந்த ஊர்ல ஒரு பெட்ரோல் பங்கே மூச்சு வாங்குது. அஞ்சு டாக்டர் வந்து மாட்டுக்கா ஊசி போடுவாங்க?" என்றார் மெர்ல்.

கூடமே சிரித்தது. நான் சுத்தியலால் தட்டினேன்.

எவரெட் விடுவாரா? "தலைவரம்மா, என் கடையில மூட்டை மேல விலை ஒட்டியிருக்கு. ஆஸ்பத்திரியில? தையல் போட்டு வீட்டுக்கு வந்து, காயமும் ஆறி, அப்புறம்தான் விலையே தெரியுது. இதுக்குப் பேரு சந்தையா? விலைய வாசல்ல எழுதிப் போடணும்னு கட்டாயப்படுத்துங்க!"

"தலைவரம்மா, அவரைக் கேளுங்க. கட்டாயப்படுத்தறதுன்னா அது சட்டம்தானே? வாங்க சார் நம்ம கட்சிக்கு!" என்றார் மெர்ல்.

இந்த முறை பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்த பெண்கள்கூடக் கண்ணி தவறவிட்டுச் சிரித்தார்கள். எவரெட்டும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடித்தது. அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதனால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். மருத்துவ நிலையம் கடைக்கு எதிரே இருப்பதால் போகிறார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரி என்றால் சத்தியமாகப் போக மாட்டார். இந்தப் பயத்தோடுதான் குளிர்காலம் முழுக்க அவர் பக்கத்தில் படுத்துக்கிடந்தேன்.

சுத்தியலை ஊர் கிளார்க் ஐடாவிடம் கொடுத்தேன். தலைவிக்குப் பேச வேண்டுமென்றால் நாற்காலியை விட்டு இறங்கி, ஊராரில் ஒருத்தியாக நின்று பேசலாம். இத்தனை வருஷத்தில் நான் இறங்கியதே இல்லை.

"தலைவரம்மா," என்றேன் ஐடாவைப் பார்த்து. "அஞ்சு பேர் வருவான்னு அந்தத் தீவனக் கடைக்காரர் சொல்றாரு. வரட்டும், சந்தோஷம். அவன் வர்றவரைக்கும் இவர் ரத்தத்தை யார் பாக்கறது? மலை தாண்டிப் போவாராம்! கிழிஞ்ச கால்சட்டைய மாத்தவே மலை தாண்டாத மனுஷன். சந்தை ஜெயிக்கட்டும், கவர்மென்ட் ஜெயிக்கட்டும், எனக்கு அதைப் பத்திக் கவலையில்ல. எனக்கு இந்த ஆள் வேணும்."

எவரெட் மெதுவாக எழுந்தார். காது சிவந்திருந்தது.

"தலைவரம்மா, அந்தம்மாகிட்ட ஒரு கேள்வி. இவ்வளவு பயம் இருந்தா வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?"

"தலைவரம்மா, பதில் இதுதான். வீட்டுல ஆரம்பிச்சாலே குறுக்க பேசுவாரு. இங்கதான் அது முடியாது!"

மெர்ல் விழுந்து விழுந்து சிரித்தார். எவரெட் உட்கார்ந்துவிட்டார்.

குரல் ஓட்டில் எந்தப் பக்கம் பெரிது என்று ஐடாவுக்குப் புரியவில்லை. 'ஆம்' என்பவர்கள் மேடைப் பக்கம், 'இல்லை' என்பவர்கள் கதவுப் பக்கம் என்று பிரிந்து நிற்கச் சொன்னாள். நான் மேடையோரம் நின்றேன். எதிர்ப்பக்கத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. ஐடா ஒவ்வொரு தலையாக எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். தீர்மானம் நிறைவேறியது!"

சமமாக வந்திருந்தால் தோற்றிருக்கும். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எவரெட் அங்கே இல்லை. எங்கள் பக்கமும் இல்லை.

கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சமையலறையிலிருந்து இரண்டு தட்டில் அவரைக்காய்க் குழம்பும் ரொட்டியுமாக வந்தார்.

"எங்கடா தொலைஞ்ச? ஓட்டு முடிஞ்சுபோச்சு!" என்று மெர்ல் கத்தினார்.

"பசிடா. யாரு ஜெயிச்சா?"

"நாங்கதான். ஒரே ஓட்டுல."

"இந்த ஊர் உருப்பட்ட மாதிரிதான்," என்று சொல்லிக்கொண்டே ஒரு தட்டை என் கையில் வைத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு ஓட்டைக்கூட விடாத மனுஷன்.

"டெல், இனிமே பயமா இருந்தா வீட்டுலயே சொல்லு," என்றார் தாழ்ந்த குரலில்.

"கேப்பியா?"

"கேப்பேன். ஆனா ஒத்துக்க மாட்டேன்."