கங்காணி வீட்டுத் தூக்குவாளி

வேலைநிறுத்தம் என்றதும் தேயிலைத் தோட்டத்துத் துரை முதலில் அரிசியை நிறுத்தினார். கொஞ்ச நாளில் என் அக்கா நாகலெட்சுமிக்குப் பால் நின்றது.

கைக்குழந்தை. முதலில் வீறிட்டு அழுதது. பிறகு பூனைக்குட்டி மாதிரி முனகியது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் பால்மா டின்கள் அடுக்கியிருந்தன. காலையில் பெரட்டுக்கு வந்து, பேர் கொடுத்து, வேலைக்கு நிற்பவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். குழந்தையின் தொண்டையைப் பிடித்துத் தாயை மலைக்கு ஏற்றும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. நாளைக்குப் பெரட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள் அக்கா. இன்று சாயந்தரம் வரை பொறு என்றேன்.

அது நோன்பு மாதம். ராகலைக் கடைவீதியில் சரிபுதீன் நானாவின் கடை இருந்தது. வேலைநிறுத்தக்காரருக்குச் சாமான் கொடுத்தால் தோட்டத்து வியாபாரம் போய்விடும் என்று அவரை மிரட்டியிருந்தார்கள். அவரும் கடைப் பலகைகளைப் பாதி சாத்திவிட்டார். ஆனால் நோன்புக் கஞ்சி கடைச்சாமான் இல்லை. பின்கட்டில் அவர் மனைவி சாரா உம்மா இரண்டு அடுப்பு மூட்டுவார். இறைச்சிக் கஞ்சி பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும். இறைச்சி போடாதது தோட்டத்து ஆட்களுக்கு. அரிசி, பயறு, தேங்காய்ப்பால், இஞ்சி; கூடவே உள்ளிப்பூண்டும் வெந்தயமும் தாராளமாக விழும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவைக்க அதைவிட நல்லது இல்லை என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு அக்கா வந்தாள். லயத்துப் பெண்களும் ஏனங்களோடு வந்தார்கள். பின்கட்டு வாசலில் துரைக்காக ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி அழகுமுத்து நின்றார். தடியோடு ஆள் வைத்துத் தடுத்திருந்தால் தள்ளிக்கொண்டு போயிருப்போம். அவர் உறவுக்காரர் மாதிரி இதமாகப் பேசினார்.

"போங்க, நான் தடுக்கல. ஆனா அந்தச் சட்டியில இன்னைக்கு மாட்டெலும்பு கிடக்குது. குடிச்சிட்டு எந்த முகத்தோட மாரியாத்தா முன்னால நிப்பீங்கன்னுதான் யோசிக்கிறேன்."

ஏனங்கள் கீழே இறங்கின. அக்கா என் கையை விட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே போய் அகப்பையால் மொண்டு, நாக்கு வெந்துபோக எல்லார் முன்னாலும் குடித்தேன்.

"நீ குடிப்ப தாயி," என்றார் கங்காணி. "பேராதனையில எந்தச் சட்டிய விட்டு வச்ச நீ?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். என்னோடு வந்தவர்கள்தான். நாக்கு வெந்தது பெரிதாகத் தெரியவில்லை.

சாரா உம்மாவே குடித்துக் காட்டட்டும் என்றார் கங்காணி அடுத்து. பொழுது இன்னும் மலைக்கு மேலேதான் இருந்தது. பாங்கு சொல்லுமுன் உம்மாவின் வாயில் தண்ணீர்கூடப் படக்கூடாது என்பது கங்காணிக்குத் தெரியாததா? பாங்குக்குப் பிறகு குடித்தாலும், அவர்கள் மாடு தின்பவர்கள்தானே என்று சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பூட்டு. குழந்தை முனகுவதையும் நிறுத்தியிருந்தது.

சாரா உம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பித்தளைத் தூக்குவாளி. மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: இராசம்மா. கங்காணியின் மனைவி. சாரா உம்மா இறைச்சியில்லாத சட்டியிலிருந்து தூக்குவாளி நிறைய ஊற்றி அவர் முன்னால் நீட்டினார்.

"நோன்பு வாயால பொய் சொல்ல ஏலா, கங்காணியார். வருசா வருசம் உங்கட வீட்டுக்குப் போறதும் இந்த அடுப்புக் கஞ்சிதான். போன நோன்புல உங்கட பொஞ்சாதி அனுப்பின வாளி இங்கயே தங்கிட்டு. இந்த வருசக் கஞ்சியோட கொண்டு போங்க."

அவர் கையை நீட்டவில்லை. வாங்கினால் அவர் சொன்னது பொய். மறுத்தால் தன் வீட்டுக்காரி இத்தனை வருசம் குடித்தது என்ன என்று சொல்ல வேண்டும். பெண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எவளும் சிரிக்கவில்லை.

அக்காதான் நகர்ந்தாள். சாரா உம்மாவின் கையிலிருந்து வாளியை வாங்கி, நின்றபடியே குடித்தாள். தாடையில் வழிந்து குழந்தையின் நெற்றியில் சொட்டியது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வெறும் வாளியைக் கங்காணியிடம் நீட்டினாள்.

"இராசம்மா அக்காகிட்ட குடுத்துருங்க மாமா. நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அவர் அதை வாங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டு கடைவீதி வழியே நடந்துபோனார். ஏனங்கள் ஒவ்வொன்றாக அடுப்பை நோக்கி நகர்ந்தன.

பால் உடனே ஊறிவிடவில்லை. அக்காவின் மார்பைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பயம் பிடித்தது. மறுநாள் விடியும்போது பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டுத் தப்பு அடித்தார்கள். அக்கா எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். குழந்தை சப்பிக்கொண்டிருந்தது. உற்றுக் கேட்டேன், விழுங்குகிற சத்தம்.

"கதவச் சாத்துடி," என்றாள் அக்கா. "பனி உள்ள வருது."