திருப்பித் தராத சீட்டு

“அம்மா, இயேசப்பாவுக்கு மறதியா? தினமும் அதையே சொல்றியே?”

சலவைக்கடைக்காரியின் மகள் ஐந்து வயதில் கேட்டது இது. அன்றைக்கு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் கேள்வி முள்ளாய்த் தைத்துவிட்டது. தன் அப்பா திட்டினாரென்று பல வருடத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போன தன் தம்பி திரும்பி வர வேண்டுமென்று முழங்கால் தேய ஜெபித்தவள், கொஞ்சம் கொஞ்சமாய்த் தளர்ந்தாள். மூன்று வருடத்துக்கு முன் அந்த ஜெபத்தை அடியோடு விட்டுவிட்டாள்.

இந்த வியாழக்கிழமை மதியம் அவள் புடவைமேல் அணியும் கோட்டு ஒன்றை உதறிக்கொண்டிருந்தபோது கைபேசி அலறியது.

“அக்கா, நான்தான்.”

“எந்த நான்தான்?”

“உன் பின்னலை மேசைக்கால்ல கட்டிவெச்சு உதை வாங்கினவன்.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. “டேய்! எங்கடா இருக்கே?”

“பஸ்ஸுல. நாலு மணிக்கு இறங்கிடுவேன். வரலாமாக்கா?”

“கேக்கிறான் பாரு கேள்வி! வரலேன்னா காலை ஒடிச்சிடுவேன்!”

கடையில் இஸ்திரி போடும் பையன் நெட்டை குறுக்கே புகுந்தான். “அக்கா, காலை ஒடிச்சிட்டா எப்படி வருவாரு? முதல்ல வரட்டும், அப்புறம் ஒடிங்க.”

“வாயை மூடிட்டுத் தேயி. காலர் கருகுது!”

மணி இரண்டேகால். நான்கு மணி வரை சும்மா நிற்க முடியாது. விட்ட வேலையைத் தொட்டாள். தண்ணீரில் போடுமுன் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பார்ப்பது அந்தக் கடையின் சட்டம். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மடிப்பெல்லாம் இற்று, ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது.

பிரித்தாள். அவளுடைய கையெழுத்தேதான். ‘தம்பி வீட்டுக்கு வரணும்.’

கோட்டில் குத்தியிருந்த வாடிக்கையாளர் எண்ணைப் பார்த்தாள். கணக்கு டீச்சருடையது!

சபையின் ஜெபக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தின் முதல் ஞாயிறு ஒவ்வொருவரும் தன் பாரத்தைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தகர டப்பாவில் போடுவார்கள். இன்னொருவர் அதை எடுத்து வருடம் முழுக்க ஜெபிப்பார். வருடக் கடைசியில் சீட்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும். விதியைப் போட்டவரே கணக்கு டீச்சர்தான். ஒரு நாள் பிந்தினாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

நான்கு வருடத்துக்கு முன் இவள் போட்ட இந்தச் சீட்டை அவரே இன்னும் திருப்பித் தரவில்லை. பின்புறம் முழுக்க எறும்பு வரிசை போலப் பென்சில் கோடுகள், வாரத்துக்கு ஒன்றாக. கடைசிக் கோடு பளிச்சென்று புதிதாயிருந்தது.

எழுதினவள் கைவிட்டதை, எழுதினது யாரென்றே தெரியாத ஒருத்தி சுமந்திருக்கிறாள். கண்ணீரில் எழுத்துகள் மங்கின.

நான்கு மணிக்குப் பேருந்து வந்தது. மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“என்னடா, பாதி முடியைக் காணோம்?”

“உனக்கு மட்டும் என்ன, பாதி வெள்ளை!”

இருவரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். மகள் மாமாவின் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எப்படிடா திடீர்னு மனசு வந்துச்சு?”

“தெரியலக்கா. ரெண்டு வருஷமா உன் நம்பரை அடிப்பேன், அழிப்பேன். இன்னிக்கு அழிக்கத் தோணல.”

மறுநாள் காலை, நெட்டை வருமுன்பே அவள் கடையைத் திறந்தாள். கோட்டைத் தானே தேய்த்தாள். சீட்டில் மிச்சமிருந்த இடத்தில் ‘வந்துட்டான்’ என்று எழுதி உள்பையில் வைத்தாள்.

கணக்கு டீச்சரின் கணவர் பக்கவாதத்தில் பேச்சிழந்து இரண்டு வருடமாகிறது. மொத்தக் குழுவும் மூன்று மாதம் உருகி ஜெபித்தது. பிறகு ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். அவளும்தான்.

துணிமூட்டைகளுக்கு நடுவே முழங்காலிட்டு, அந்த மனிதரின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தையாவது வர வேண்டுமென்று இயேசப்பாவிடம் கெஞ்சினாள். வெளியே நெட்டையின் சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தாள்.

அடுத்த நாளும் அவனுக்கு முன்பே வந்தாள். அதற்கடுத்த நாளும்.