ஏழாம் கேள்விக்கு இருநூறு சொற்கள்

1

நான் இப்போது எழுத வேண்டியது ஒரு மனு. அதை எழுதத் தைரியம் வராததால் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். மனு வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் கல்வித்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று புதன். கதைக்குக் கெடு கிடையாது, அது ஒரு வசதி.

2

முதல் தொடக்கம்: "மெல்பர்னின் வடக்கே, டிராம் கடைசியாக வந்து நிற்கும் இடத்தில், யூகலிப்டஸ் மரங்கள் —"

[அடித்துவிட்டேன். மரத்தைக் காட்டிக்கொண்டே போனால் ஆளைக் காட்டாமல் தப்பிக்கலாம் என்று பார்க்கிறேன்.]

இரண்டாம் தொடக்கம்: பள்ளி நாட்களில் காலை எட்டேகாலுக்கு வசிதி ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆல்டர் தெருவின் நடுவில் போய் நிற்பாள். 'நில்' என்று எழுதிய வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்து விசில் ஊதுவாள். எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்குக் கடந்து போவார்கள்.

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

3

மூன்று வருடம் முன்பு தெருமுனை டயர் கடையை இடித்து, ஐந்து மாடியில் நாற்பத்திரண்டு வீடுகள் கட்டப்போவதாக வேலியில் மஞ்சள் அறிவிப்பு ஒட்டினார்கள். நகரசபைக்கு ஆட்சேபக் கடிதம் எழுத உடனே குடியிருப்போர் குழு கூடியது. தலைவி ப்ரான்வின், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எலுமிச்சை கேக்கை எல்லோருக்கும் சம சதுரமாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"நிழல் விழும்னு எழுதுனா எவன் கேப்பான்? பார்க்கிங்னு எழுதுனா சிரிப்பான். பள்ளிக்கூடம் ரொம்பி வழியுதுன்னு எழுது ஷிவ். புள்ளைங்கன்னு சொன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

(என் பெயர் சிவகாமி. இந்த ஊரில் எவருக்கும் முழுப் பெயர் மிஞ்சாது.)

"அங்க குடிவர்றவங்களுக்கும் புள்ளைங்க இருக்குமே, ப்ரான்?" என்று நான் கேட்டேன்.

[கேட்கவில்லை. கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். கடிதம் ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்றுதான் கேட்டிருக்கிறேன்.]

இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரி எனக்கே பிடித்துப் போனது: "எங்கள் பள்ளியின் சுவர்களுக்குள் இனி ஒரு குழந்தை மூச்சுவிடக்கூட இடமில்லை." எழுதியபோது அந்தப் பள்ளியில் இரண்டு வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. ஒன்றில் உடைந்த மேசைகள், இன்னொன்றில் விளையாட்டுவிழாக் கொடிகள். நான் பார்த்திருக்கிறேன்.*

கட்டடம் எழும்பத்தான் செய்தது. பள்ளி நெரிசலைக் காட்டி வீடு கட்டுவதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ஆனால் கடிதத்தின் நகல் கல்வித்துறைக்கும் போயிருந்தது. அவர்கள் படித்தார்கள். இங்கே பள்ளி எல்லைக்குள் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அரசுப் பள்ளியில் இடம் உறுதி. ரயில் பாதை வரை இருந்த பள்ளி எல்லையை ஆல்டர் தெருவின் நடுவுக்கு இழுத்துவந்தார்கள். எங்கள் வீடுகள் உள்ளே, நாற்பத்திரண்டு வீடுகளும் வெளியே. அந்தப் பக்கத்திலிருந்து ஏற்கெனவே படிக்க வந்துகொண்டிருந்த பிள்ளைகளை மட்டும் தொடர விட்டார்கள். தெருவில் அடுத்து விற்பனைக்கு வந்த வீட்டின் பலகையில் 'பள்ளி எல்லைக்குள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். குழுவில் யாருக்கும் அதில் வருத்தமில்லை.

* இந்தக் குறிப்பைக் கதைக்குள் வைக்க வெட்கமாக இருப்பதால் கீழே வைக்கிறேன். என் மகள் இதே பள்ளியில்தான் படித்தாள். அப்போது நாங்கள் எல்லைக்குள் குடியிருக்கவில்லை. இறைச்சிக் கடைக்குப் பின்னால் ஓர் அறையை ஆறு மாதம் வாடகைக்கு எடுத்து, ஒப்பந்தத்தையும் மின்கட்டண ரசீதையும் காட்டி இடம் வாங்கினோம். அந்த அறையில் இரண்டே இரவு படுத்தோம்.

4

வசிதி ஃபிஜிக்காரி. அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மகள் அசேனாவோடு வாடகைக்கு இருக்கிறாள். காலையும் மாலையும் பலகை, நடுவில் முதியோர் இல்லத்தில் வேலை. போன வாரம் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். நீங்க எழுதுறவங்கதானே? இதக் கொஞ்சம் பாருங்க."

[அவள் என்னை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. ஷிவ் என்பாள். தமிழில் பேச வைத்ததும் நான்தான் அதை ஒட்டிவிட்டேன். அக்கா என்று கூப்பிட்டால் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிகிறேன். எடுத்துவிடுகிறேன்.]

அசேனாவுக்கு எங்கள் பள்ளியில் இடமில்லை என்று கடிதம். அவளுக்கு ஒதுக்கியிருப்பது நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம் உள்ள பள்ளி.

"அங்கயும் ஒம்பது மணிக்குத்தான் பெல்லு, ஷிவ். நான் இங்க ஒம்பது வரைக்கும் பலகையத் தூக்கிட்டு நிக்கணும். உங்க எல்லார் புள்ளையையும் ரோடு தாண்ட விடுறேன். எம்புள்ள அஞ்சு வயசுல ஆறு லேனு ரோட்டத் தனியாத் தாண்டணுமா? இல்ல, வேலைய விட்டுட்டு வாடகைக்கு என்ன பண்ண?"

"மேல்முறையீடு பண்ணலாம், வசிதி."

"அதான் கேக்கறேன். எழுதித் தருவீங்களா?"

கடிதத்தின் இரண்டாம் பத்தியில், 'அப்பகுதி மக்களே தெரிவித்தபடி' என்பதை அடுத்து, மேற்கோள் குறிக்குள் என் வரி இருந்தது. ஒரு சொல்கூட மாறவில்லை.

5

முடிவுகள்.

அ. நான் உண்மையைச் சொல்கிறேன். வசிதி அழுகிறாள், பிறகு மன்னிக்கிறாள். (வசிதி அழுகிற ஆள் இல்லை. அழ வேண்டும் என்பது என் ஆசை.)

ஆ. மனு வெல்கிறது. அசேனா அம்மாவின் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கிறாள். உங்களுக்குத் திருப்தி, எனக்கு அதைவிட.

இ. ப்ரான்வினும் கையெழுத்துப் போடுகிறாள். இதை மட்டும் சோதித்துப் பார்த்தேன்.

"தங்கமான பொண்ணு. கிறிஸ்மஸுக்கு நாந்தான் அவளுக்குக் கேக் குடுத்தேன்," என்றாள் ப்ரான்வின். "ஆனா ஒருத்திக்குத் தொறந்தா நாப்பத்திரண்டு வீட்டுக்கும் தொறக்கணும். அப்புறம் நாம எதுக்கு இவ்ளோ பாடுபட்டோம்?"

6

இது நேற்று நடந்தது. கற்பனை இல்லை.

"வசிதி, அந்த ரெண்டாவது பத்தி... அந்த வரிய..."

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவள் விசில் ஊதி நடுத்தெருவுக்குப் போனாள், எல்லைக் கோடு போகும் அதே இடத்துக்கு. எல்லோரும் கடந்ததும் திரும்பி வந்தாள்.

"தெரியும். ஆட்சேபக் கடுதாசி எல்லாம் நகரசபை வலைத்தளத்துல பேரோட கெடக்கு. உங்களுது ரெண்டு பக்கம்."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட வந்தீங்க?"

"எழுபது பேர் எழுதியிருக்கீங்க. உங்க வரியத்தான் எடுத்துப் போட்டிருக்காங்க. நீங்க எழுதுனா அங்க எடுபடுது. அதான்."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியிருப்பேன்.

7

படிவம் என் முன்னால் இருக்கிறது. ஏழாம் கேள்வி: இக்குழந்தைக்கு ஏன் இடம் தர வேண்டும்? இருநூறு சொற்களுக்கு மிகாமல்.

எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் அந்த இரண்டு அறைகள். இன்றும் பூட்டித்தான் இருக்கின்றன, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதை எழுதினால், அன்று எழுதியது பொய் என்றும் எழுத வேண்டும், கீழே என் பெயரைப் போட வேண்டும். ப்ரான்வின் படிப்பாள். தெருவே படிக்கும். இருபது வருடமாக இவர்களோடுதான் இருக்கிறேன். பயமாக இருக்கிறது.

இருநூறு சொல் எழுத வேண்டியவள் இங்கே அதைப்போலப் பல மடங்கு எழுதித் தீர்த்திருக்கிறேன். ஆகவே கதைக்கு முடிவு கிடையாது. வேண்டுமென்பவர்கள் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், எட்டேமுக்காலுக்கு ஆல்டர் தெருமுனைக்கு வந்து அசேனா எந்தப் பக்கம் போகிறாள் என்று பாருங்கள். மனுவை இதோ தொடங்குகிறேன்.

"ஐயா, எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. மூன்று வருடம் முன்பும் அப்படித்தான் கிடந்தன. அது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் நான்