படங்களுக்குப் பின்னால் போகும் பாதை

கிளைவ் காட்சால் தன் ஆப்பிள் தோட்டத்துக் கதவில் பூட்டைத் தொங்கவிட்ட நாளிலிருந்து, ரூபன் டிரான்டரின் மகள் எனிட்டுக்குத் தூக்கம் போயிற்று. தோட்டத்துக்குக் குறுக்கே நடந்தால் கடை, தேவாலயம், பேருந்து எல்லாம் பத்து நிமிடம். சுற்றிப் போனால் லாரிகள் பறக்கும் சாலையில் முக்கால் மணி நேரம். ஒதுங்கி நிற்க ஓரடி நடைபாதை கிடையாது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்தான். எழுபத்தோரு வயதில் கண் மங்கி, ஓட்டுநர் உரிமத்தைப் போன வருடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஹெரிஃபோர்டு டவுன்ல ஒரு ஃபிளாட் பாத்து வெச்சிருக்கேன்மா, லிஃப்டெல்லாம் இருக்கு" என்று அவள் மகள் வாரம் தவறாமல் போனில் சொன்னாள். லிஃப்டில் ஏறிப் போய் எந்த ஆப்பிள் பூவைப் பார்ப்பது? பாதை போனால் வீடும் போயிற்று என்று எனிட்டுக்குத் தெரியும். அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. இருபது வருடம் ஊரார் ஒளிவுமறைவில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்திருந்தால் அது பொதுவழி. தோட்டக்காரர் மனமுவந்து அனுமதி கொடுத்திருந்தால் அது வெறும் சலுகை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆக, கேட்டு நடந்த நல்லவர்களுக்கு உரிமையில்லை, கேட்காமல் நடந்த திமிர் பிடித்தவர்களுக்கு உண்டு.

ஆதாரம் தேடி எனிட் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குப் போனாள். சங்கம் என்றால் செயலாளர் ஜெத்ரோ பியூவும் ஆறு பிஸ்கட் டப்பாக்களும்தான். பள்ளி ஆசிரியை மிஸ் பெடோஸ் அந்தக் காலத்தில் எடுத்த படங்கள் டப்பா டப்பாவாக இருந்தன. கொல்லன் பட்டறை, இறைச்சிக் கடை முன்னால் தொங்கும் வான்கோழிகள், பீருக்குப் போடும் ஹாப் பூ பறிக்க வந்த பெண்கள், வெள்ளத்தில் மிதந்த கோழிக்கூடு என்று எதையும் விட்டுவைக்கவில்லை அந்த மனுஷி. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் தேதி.

எல்லோரும் படத்தின் முன்னால் நிற்பவர்களைப் பார்ப்பார்கள். எனிட் பூதக்கண்ணாடியை வைத்துப் பின்னால் பார்த்தாள். பட்டறைப் புகைபோக்கிக்குப் பின்னால் தோட்டம். தோட்டத்தில் பாதை. பாதையில் தொப்பி போட்ட ஓர் ஆள்.

"ஜெத்ரோ, இது எங்கப்பா!"

"எதுல?"

"எல்லாத்துலயும்!"

பதினொரு படங்கள், 1950-லிருந்து 1972 வரை. "உங்கப்பாவுக்கு வேற வேலையே இல்லியா?" என்றார் ஜெத்ரோ.

அது பொதுவழி என்று எனிட் போட்ட மனுவின் விசாரணை ஊர் மண்டபத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த விசாரணை அதிகாரி, மிஸ் லாத்பரி, தேநீர்க் குடுவையோடு மேடையில் உட்கார்ந்தார். ஜெத்ரோ சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டிப் படங்களைப் புரொஜெக்டரில் காட்டத் தொடங்கினார். கூட்டத்தில் பாதையை யார் பார்த்தார்கள்?

"ஐயோ, எங்க மேபல் அத்தை! அந்தத் தொப்பி இன்னும் எங்க பரண்ல கெடக்கு!"

"அந்தக் கறிக்கடைக்காரன பாரு, படத்துலகூட தராசு மேல கட்டை விரலு!"

மிஸ் லாத்பரி கோப்பையைக் கரண்டியால் தட்டித் தட்டிக் கை சோர்ந்துபோனார்.

கிளைவின் வக்கீல் சிரித்தபடி எழுந்தார். "நடந்தாங்கங்கறத நாங்க மறுக்கவே இல்ல மேடம். என் கட்சிக்காரரோட தாத்தா அமோஸ் ரொம்பத் தாராள மனசுக்காரர். எல்லாருக்கும் அனுமதி குடுத்திருந்தார்."

கிளைவ் பலமாகத் தலையாட்டினான். செத்துப்போன அமோஸிடம் போய் யார் கேட்பது? கடைசிப் படம் விரிப்பில் அப்படியே நின்றிருந்தது. அப்பா பாதையில் போகிறார். அமோஸ் ஏணியில் நின்றபடி முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த முதுகின் கதை ஊருக்கே தெரியும், அதிகாரிக்குத்தான் தெரியாது. 1949 காய்கறிக் கண்காட்சியில் ரூபனின் வெங்காயம் முதல் பரிசு வாங்கியது. கடையில் வாங்கிய வெங்காயம் என்றார் அமோஸ். அன்றோடு பேச்சு நின்றது. அந்தப் பகை சொத்து மாதிரி இறங்கி வந்து, எனிட்டும் கிளைவும் தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனிட் எழுந்தாள். "மேடம், நான் ஒண்ணு கேக்கலாமா?" பிறகு திரும்பி, வாழ்க்கையில் முதல்முறையாக, "கிளைவ்" என்றாள். "உங்க தாத்தா எங்கப்பாவுக்கும் அனுமதி குடுத்தாரா? அப்போ ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்கன்னு சொல்லு. வெங்காயம் எங்கப்பா வெளைவிச்சதுதான்னு உங்க தாத்தா ஒத்துக்கிட்டாரு, அப்படித்தானே?"

"பதில் சொல்லாதீங்க" என்று வக்கீல் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். கிளைவ் அதற்குள் எழுந்துவிட்டான்.

"எங்க தாத்தாவா? அந்த வெங்காயப் பித்தலாட்டக்காரனுக்கா? அனுமதியா? கழுத்த அறுத்தாலும் குடுத்திருக்க மாட்டார்!"

மிஸ் லாத்பரி பேனாவை எடுத்தார். "ஒரு தடவைகூடக் குடுக்கலியா?"

"ஒரு தடவைகூட இல்ல! அவன் கேட்டதும் இல்ல! பட்டப்பகல்ல, வேணும்னே, விசிலடிச்சிக்கிட்டு தாத்தா கண்ணு முன்னாலயே தெனமும் நடந்தான்!"

"எத்தனை வருஷம்?"

"சாகற வரைக்கும்! இருபத்தஞ்சு வருஷம்!"

வக்கீல் தன் ஃபைலை மெல்ல மூடி, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். மண்டபம் கூரை அதிரச் சிரித்தது. தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது கிளைவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் தாத்தாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடுதான் உட்கார்ந்தான். அதைப் பார்த்ததும் எனிட்டுக்கு அவன் மேல் கொஞ்சம் பிரியமே வந்துவிட்டது. அப்பாவின் வீம்பை நினைத்து ஐம்பது வருடம் கூசியவள் அவள். விரிப்பில் தெரிந்த அந்தக் கட்டைவிரல் அளவு உருவத்தைப் பார்த்து அன்று வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணும் நிறைந்துவிட்டது.

தீர்ப்பு ஏப்ரலில் வந்தது. அன்று காலையில் கிளைவ் கதவின் கீல்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். மரமெல்லாம் பூத்திருந்தது. கூடையோடு வந்த எனிட் கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"நான் போகலாமா, கிளைவ்?"

அவன் திருப்புளியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான்.

"என்கிட்ட எதுக்குக் கேக்கற? கேட்டு நடந்தா பாதை போயிடும், இதுகூடத் தெரியாதா? பேசாம நட."