தெரமினுக்குப் பக்கத்து நாற்காலி

தொடாமல் வாசிக்கிற வாத்தியம் என்று கேட்டதும் அம்மா, "அப்போ துடைக்கிற வேலை மிச்சம்" என்றாள். அந்தத் தெரமினைப் பற்றி வீட்டில் யாராவது சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

செய்தவன் அவள் மகன் ஸ்குரூ. வீட்டில் அவன் பெயர் அதுவாகிப் பல வருடம் ஆயிற்று. எதையும் கழற்றுவான், பெரும்பாலும் திரும்ப மாட்டுவான், ஒன்றிரண்டு மிச்சமாகும். பழைய அலமாரியின் இழுப்பறைதான் தெரமினுக்குப் பெட்டி. பாடாத ரேடியோவின் ஏரியல் வலப்பக்கம் நிமிர்ந்து நின்றது. கையை அதன் கிட்டே கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். இடப்பக்கம் வளைந்த செம்புக் குழாய்; அதன்மேல் கையை உயர்த்தினால் சத்தம் கூடும், தாழ்த்தினால் அடங்கும். விரல் மடக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதற்காகத்தான் செய்தான். அவன் அக்காவின் இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. எட்டு மாதத்துக்கு முன், அவள் பின்னால் உட்கார்ந்திருக்கச் சறுக்கி விழுந்த பைக்கை ஓட்டியவன் ஸ்குரூ. அவனுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவளுக்கு வயலின் போயிற்று. பள்ளியில் அவள் பார்த்துவந்த பாட்டு டீச்சர் வேலையும் போகிற கட்டத்தில் நின்றது. "ஏதாவது ஒரு வாத்தியம் வாசிச்சுக் காட்டுங்க, பார்ப்போம்" என்று தலைமையாசிரியை திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார். அதே திங்கட்கிழமை ஸ்குரூ வேறு ஊரில் வேலைக்குச் சேர வேண்டும். ஞாயிறு மதியம் ரயில்.

பைக்கைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஸ்குரூவும் பேசவில்லை, தெரமினைச் சுலபமாக்கிக்கொண்டே இருந்தான். ஏரியலுக்குக் கிட்டே ஸ்வரங்கள் பஸ் கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு நின்றன. உள்ளே ஒரு கம்பிச்சுருளைச் சேர்த்து அவற்றைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தான். அக்காவின் முழங்கை ஆடாமலிருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தான். ஏரியல் வரைக்கும் நூல் கட்டி, ஸ்வரத்துக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டான். கடைசியாக, சுருதி சேர்க்கும் திருகாணியைச் சரியான இடத்தில் நிறுத்தி, அவள் கை தவறிப் பட்டுக் கலைந்துவிடக் கூடாதென்று பசை ஊற்றி மூடினான்.

தினமும் சாயங்காலம் ஒர்க் ஷாப்பிலிருந்து வந்து பக்கத்து நாற்காலியில் ஒட்டி உட்காருவான். அவள் வாசிப்பாள். முடிச்சு பிசகாது.

"பகல்ல வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

நல்லது என்று அவன் எடுத்துக்கொண்டான். கீழ்த்தளத் தையல்காரர் மட்டும் ஒரு நாள் படியில் நிறுத்தி, "தம்பி, பகல் பூரா உங்க வீட்டுல ஒரு பூனை அழுவுது. நீங்க வந்தா அடங்கிடுது. அதுக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டார். ஸ்குரூ சிரித்துக்கொண்டே படியேறினான். சிரித்திருக்கக் கூடாது.

ஞாயிறு காலை கடைசி ஒத்திகை. அக்கா ஐந்தாவது முடிச்சில் கையை நிறுத்தி ஸ்வரத்தை நீட்டிப் பிடித்திருந்தாள். உள்ளேயிருந்து அம்மா, "டேய், இந்தத் துணிப்பெட்டி பூட்ட மாட்டேங்குது" என்றாள். அவன் எழுந்து போனான். ஸ்வரம் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது.

திரும்பிப் பார்த்தான். அக்காவின் விரல் முடிச்சின் நேர் மேலேயே இருந்தது. வந்து உட்கார்ந்தான், ஸ்வரம் ஏறித் தன் இடத்தில் நின்றது. எழுந்தான், இறங்கியது.

"பகல்லயும் இப்படித்தானாக்கா?"

"தினமும்."

"ஏன் சொல்லலை?"

"இந்தக் கையும் போயிடுச்சுன்னு நினைச்சேன்."

ஏரியலுக்குப் பக்கத்தில் எந்த உடம்பு இருந்தாலும் சுருதி மாறும். அவனுக்குத் தெரியாததல்ல, தெரமின் வேலை செய்வதே அப்படித்தான். நாற்காலியில் இருந்தது தானே என்பதால் அதை ஓர் உடம்பாக அவன் எண்ணவில்லை. அத்தனை சுலபத்தையும் தன் உடம்பைச் சேர்த்தே அளந்து செய்து, பசை போட்டு ஒட்டியிருந்தான்.

"நான் போகலை. நாளைக்கு உன்கூட வந்து பக்கத்துல சும்மா உட்கார்றேன்."

"செவ்வாய்க்கிழமை?"

"அன்னிக்கும்."

"டைம் டேபிள்ல போடச் சொல்லவா? பாட்டு, அக்கா. உடம்பு, தம்பி."

அவன் சிரிக்கவில்லை. "ஒரு டிரம்ல உப்புத் தண்ணி நிரப்பி இங்க வெச்சாலும் போதும். ஏறக்குறைய நான்தான்."

"பேச்சும் கம்மியா இருக்கும். வேணாம். அந்தத் திருகாணியை வெளியே எடு."

"உனக்குக் கஷ்டம்க்கா. ரூமுக்கு ரூம் மாறும். ஒவ்வொரு தடவையும் காதாலயே சேர்க்கணும்."

"பதினாலு வருஷம் என் வயலினுக்கு யாருடா சேர்த்தா, நீயா?"

கத்தியால் பசையைச் சுரண்டினான். அவள் கத்தரிக்கோலை எடுத்து முடிச்சு நூலை நறுக்கிப் போட்டாள்.

"இப்போ கிளம்பு. உன் பைக்ல பின்னாடி உட்கார்ந்தது போதும்."

எட்டு மாதத்தில் அந்த வீட்டில் பைக் என்ற சொல் ஒலித்தது அதுதான் முதல் தடவை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா திருகாணியைத் திருக ஆரம்பித்துவிட்டாள்.

பெட்டியோடு இரண்டு மாடி இறங்கினான். மேலே பூனை அழ ஆரம்பித்தது.

"ஊருக்கா தம்பி?" என்றார் தையல்காரர். "அப்போ இனிமே இது அடங்காதா?"

"தெரியலைண்ணே."

ஸ்வரம் தேடிக்கொண்டு மேலே போனது, தாண்டிப் போனது, திரும்பி வந்தது. ஓரிடத்தில் நின்றது. கிட்டத்தட்ட சரி, ஒரு முடியளவு குறைவு. ஸ்குரூவின் கால் தானாகவே முதல் படியில் ஏறியிருந்தது. இத்தனை தூரத்திலிருந்து அவன் உடம்பால் அந்த ஏரியலை ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் காலைக் கீழே எடுத்து வைத்தான்.