பச்சை பூத்த முனை

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆடி மாதத்து வியாழக்கிழமை காலை, ஆரணியில் கம்பியில்லா இன்டர்நெட் போன்களைப் பொருத்தித் தரும் சிறிய கூடத்திற்கு ஐந்து போன்கள் திரும்பி வந்திருந்தன. மணி அடிக்கிறது, எடுத்துப் பேசினால் குரல் அறுந்து அறுந்து வருகிறது என்பது புகார்.

மேற்பார்வையாளர் ஜெயவேல் ஒரு போனின் பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்து வைத்தார். மைக், ஸ்பீக்கர், போர்டை மூடிய தகரக் கவசம் எதிலும் குறையில்லை. தலைமுடி போன்ற ஆன்டெனா ஒயர் போர்டில் வந்து பொருந்தும் முனையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தபோதுதான் அவர் முகம் கறுத்தது. கடுகில் பாதியும் இல்லாத அம்முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஐந்திலும் அவ்வாறே.

"லாவண்யா! போர்டு தொடைக்கறது நீதான?"

பற்றவைத்த பின் போர்டில் தங்கும் பிசினைத் துடைப்பவள், தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் லாவண்யா.

"நல்லாத்தான் தொடச்சேங்க சார்."

"தொடச்ச லட்சணத்த பாத்துகினுதான் இருக்கேன். பிசின விட்டா களிம்பு ஏறாம இன்னா பண்ணும்? மேல ஒரே பேஜாரு. கார்டைக் கழட்டி வெச்சிட்டு வூட்டுக்குக் கெளம்பு."

"திங்கக்கெழம நிரந்தரம் பண்ற லிஸ்ட்டு சார்..."

"அதுல உன் பேரு இனிமே கெடையாது."

அடுத்த மேசையிலிருந்த சூர்யகலா தலை நிமிரவில்லை. அப்பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. ஒன்றரை ஆண்டு காத்திருந்த பெயர் அது. ஒயரை முனையில் பொருத்துவது அவள் வேலை. விரலுறை போட்டால் ஒயர் வழுக்குகிறது என்று இரண்டு விரல்களை வெறுமையாக விட்டிருந்தாள். அடுத்த ஒயரை எடுத்தாள். அவளை அறியாமலே சுட்டுவிரல் நாக்கைத் தொட்டுத் திரும்பியது.

அந்த விரலைப் பார்த்தாள். பத்து வயது முதல் வீட்டுத் தறியில், அறுந்த பட்டிழையை எச்சில் ஈரத்தால் முறுக்கி ஒட்டிப் பழகிய விரல். அந்த உப்பு ஈரம்தான் ஒவ்வொரு முனையிலும் ஏறியிருக்கிறது.

எவரும் பார்க்கவில்லை. லாவண்யாவின் அடையாள அட்டைக் கயிறு பின்னலில் சிக்கிக்கொள்ள, அவள் அழுகையினூடே அதை இழுத்துக்கொண்டிருந்தாள். சூர்யகலாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கயிறு விடுபட்டது. அட்டை மேசைமேல் விழுந்ததும் சூர்யகலா எழுந்தாள்.

"சார், களிம்பு என்னாலதாங்க. எனக்கே தெரியாம எச்சி தொட்டு ஒயர் போடறேங்க."

ஜெயவேல் நம்பவில்லை. "கூட்டாளிய காப்பாத்தப் பாக்கறியா? எங்க, ஒண்ணு போடு."

எல்லாரும் சூழ்ந்து நின்றனர். விரல் நாக்கைத் தொடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரை எடுத்தாள். வழுக்கியது. மீண்டும் வழுக்கியது. மூன்றாம் முறை, விரல் தானே உதட்டுக்குப் போயிற்று.

"நாக்கு இல்லன்னா இந்தப் பொண்ணுக்குக் கையே ஓடாது போலக்கீதே!" என்றார், பெட்டி ஒட்டும் கெங்கம்மாள். சிலர் சிரித்தனர். ஜெயவேல் சிரிக்கவில்லை.

"எத்தினி நாளா?"

"இந்த மேசைக்கு வந்ததுலேர்ந்துங்க. பன்னெண்டு நாளு."

சுவரோரம் அனுப்பக் காத்திருந்த நானூறு பெட்டிகளை அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு பட்டியலை எடுத்து, சூர்யகலாவின் பெயர்மேல் கோடு கிழித்தார்.

"லாவண்யா, போய் ஒக்காரு. சூர்யகலா, அத்தினியும் பிரி. ஜல்தி."

லாவண்யா அட்டையை மாட்டிக்கொண்டு சூர்யகலாவைக் கடந்து போகையில் நின்றாள்.

"நான் கார்டைக் கழட்டறவரைக்கும் அந்த நாக்கு எங்கடி போச்சி?"

சூர்யகலா பத்து விரல்களிலும் உறையை மாட்டிக்கொண்டு முதல் பெட்டியைப் பிரித்தாள். பழைய ஒயரைக் கழற்றிப் புதியதை முனைக்குக் கொண்டுபோனாள். வழுக்கியது. உதடுகளை இறுக மூடிக்கொண்டு, மறுபடியும் எடுத்தாள்.