மனைவி ஓட்டிய கிலோமீட்டர்கள்

மின்மீட்டர் சோதிப்பது அவன் வேலை. அக்காவுக்கு அவன் ‘மீட்டரு’. அக்காவுக்குப் பதினொரு மணிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதன்பிறகு குரல் இருக்காது. “அதுக்குள்ள வந்துடுடா, உன்னை நேர்ல நாலு திட்டு திட்டணும்,” என்று சொல்லியிருந்தாள்.

மின்சாரக் காரில் கிளம்பினார்கள். ஊர் எல்லையிலேயே சார்ஜ் நிலையம் வந்தது. “பத்து நிமிஷம் போட்டுட்டுப் போலாங்க,” என்றாள் மனைவி.

“இன்னும் இருநூத்திப் பத்து கிலோமீட்டர் ஓடும்னு திரையில காட்டுது. ஆஸ்பத்திரிக்கு நூத்தி அறுபதுதான் போகணும். எண்ணு பொய் சொல்லாது,” என்று காரை விரட்டினான்.

எண் பொய் சொல்லவில்லைதான். இதுவரை ஓடியது போலவே இனியும் ஓடும் என்று நம்பி வண்டி போடும் கணக்கு அது. அந்த வாரம் முழுக்க ஓட்டியவள் மனைவி, கடைத்தெருவில், நாற்பதைத் தாண்டாமல். அவனோ நெடுஞ்சாலையில் நூற்றிருபதில் பறந்தான். வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு பல மடங்காகும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் திரையில் ஒன்றரை குறைந்தது.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் இருந்தபோதே சார்ஜ் தீர்ந்துவிட்டது; ஓர் உணவு விடுதியின் பின்சுவரில் மெதுவாக ஏற்றும் சார்ஜர்தான் கிடைத்தது. வேறு வண்டியும் அகப்படவில்லை. பத்தே முக்காலுக்கு அக்கா அழைத்தாள்.

“மீட்டரு, எங்கடா இருக்க? உள்ள கூப்பிடுறாங்க.”

“பக்கத்துல வந்துட்டேன்க்கா.”

“புளுகாதடா. சரி, அவசரப்படாம மெதுவா வா.”

எண்பதில் வந்திருந்தால்கூட இந்நேரம் அவள் பக்கத்தில் நின்றிருப்பான். அந்தக் குரல் கடைசியாக அவனிடம் சொன்னதும் அதைத்தான்.